மௌன விரதம் இருக்கும் ரோபோ!

'நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான்டா ஓடுச்சு!'

எந்த காலேஜ் சிம்போசியத்துக்கு வேணும்னாலும் போங்க. ரோபோ போட்டி நடக்கிற ஹாலுக்குள்ள நுழைஞ்சா காதுல விழுற முதல் டயலாக் இதுவாத்தான் இருக்கும். ராத்திரி ஹாஸ்டல் வராண்டாவில் பம்பரமா சுத்தின ரோபோ, களத்துல இறங்கின இருபதாவது செகண்ட்ல சிலை மாதிரி நின்னுடும். ரிமோட்டை அமுக்கு அமுக்குன்னு அமுக்கினாலும் ஆடாது, அசையாது. மேட்ச் முடிஞ்சு கையில் தூக்கிட்டு வெளியே வந்தா, 'நான் என்ன தப்பு பண்ணேன்?'ங்கிற மாதிரி ஜம்முனு ஓடும்!

அடுத்த சீன் இன்னும் மோசம். கோடு எழுதினவன் வயரிங் பண்ணவனை முறைப்பான். வயரிங் பண்ணவன், 'ஹால்ல எல்லார் செல்லும் ஆன்ல இருக்குடா, சிக்னல் பிராப்ளம்'னு தப்பிக்கப் பார்ப்பான். கடைசியில், போன மாசம்தான் டீம்ல சேர்ந்த ஜூனியர் தலையில எல்லாப் பழியும் விழும். அந்தப் பையன் அதுக்கப்புறம் ரோபாட்டிக்ஸ் கிளப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டான்.

பிரச்னை என்னன்னா, எப்பவுமே ஓடாத ரோபோவை ரிப்பேர் பண்றது ஈஸி. நூறு தடவை ஓடி, நூத்தி ஒண்ணாவது தடவை காலை வாரும் ரோபோதான் டேஞ்சர். நாம தேடும்போது கோளாறு ஒளிஞ்சுக்கும். அதுக்குள்ள நாமளே ஒரு குற்றவாளியை முடிவு பண்ணிடுவோம்.

இது நம்ம ஊரு ஹால்ல மட்டும் நடக்கிற கூத்துன்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவில், உலகின் பெரிய மாணவர் ரோபோ போட்டிகளில் ஒண்ணோட ஃபைனலையே இந்த மௌன விரதம் கவிழ்த்திருக்கு. அங்கே அவங்க அதை எப்படித் துப்பறிஞ்சாங்கங்கிறதுதான் நமக்குப் பாடம்.

ஐன்ஸ்டீன் களத்தில் அதிர்ச்சி!

'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பை 1989-ல் ஆரம்பிச்சவர் டீன் கேமன். பள்ளி மாணவர்களுக்காக அது நடத்துற போட்டிதான் 'ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷன்'. ஜனவரியில் விளையாட்டை அறிவிப்பாங்க. அன்னிலேர்ந்து ஆறு வாரத்தில் ரோபோவைச் செஞ்சு முடிக்கணும்கிறது அப்போதைய ரூல். நம்ம ஊர் ப்ளஸ் டூ வயசுப் பசங்க, பேட்டரி, பம்பர் இல்லாமலே 54 கிலோ வரை எடையுள்ள ரோபோவை அப்போ கட்டினாங்கன்னா பார்த்துக்கோங்க!

2012-ம் வருஷ விளையாட்டு, பாஸ்கெட்பால். ஏப்ரல் கடைசியில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆர்க்கிமிடீஸ், க்யூரி, கலிலியோ, நியூட்டன்னு நாலு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஜெயிச்ச மூணு டீம் கூட்டணி 'ஐன்ஸ்டீன்' என்ற கடைசிக் களத்துக்கு வரும். ஆக மொத்தம் 12 டீம்கள். ஸ்டேடியம் நிறையக் கூட்டம்.

ஐன்ஸ்டீன் களத்தில் ரோபோக்கள் திடீர் திடீர்னு உறைஞ்சு நின்னுச்சு. ஒரு மேட்ச்சில் இல்லை, பல மேட்ச்சில். ஒரே ரோபோ இல்லை, வெவ்வேற ரோபோக்கள். மொத்த ஆட்டமே 2 நிமிஷம் 15 செகண்ட்தான். அதில் ஒரு நிமிஷம் பொணமா நின்னா கதை முடிஞ்சது. மாசக்கணக்கில் தூக்கத்தைத் தொலைச்ச பசங்க, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம நின்னாங்க.

வழக்கம்போல ரெண்டு கட்சி. 'களத்தோட வை-ஃபைதான் காரணம்'னு டீம்கள் பக்கம் ஒரு குரல். 'உங்க ரோபோவுல என்ன கோளாறோ?'ன்னு இன்னொரு குரல். ஃபர்ஸ்ட் அமைப்பு செஞ்ச நல்ல காரியம், இந்தப் பட்டிமன்றத்தில் உடனே தீர்ப்பு சொல்லாததுதான். அந்த 12 டீம்களையும் தங்கள் தலைமையகம் இருக்கும் மான்செஸ்டர் நகரத்துக்கு அழைச்சு, ஐன்ஸ்டீன் களத்தை மறுபடி அமைச்சு, ரோபோக்களை ஓடவிட்டு, கோளாறைத் திரும்ப வரவழைக்க முயற்சி பண்ணினாங்க. வெளியிலிருந்து வயர்லெஸ் நிபுணர்களும் வந்தாங்க. ஜூலையில் முழு அறிக்கையையும் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டாங்க.

அதில் ரெண்டு ஷாக்!

முதல் ஷாக், அங்கே உண்மையிலேயே ஒரு 'வில்லன்' இருந்தார். களத்தில் ஒவ்வொரு ரோபோவுக்கும் தனி நெட்வொர்க் பெயர், தனி பாஸ்வேர்டு. வெளியாள் உள்ளே நுழைய முடியாது. ஆனா, நுழைய முயற்சி பண்ணினாலே போதும்! தப்பான பாஸ்வேர்டு போட்டு ஒரு செல்போன் கதவைத் தட்டினால், ஏற்கெனவே உள்ளே இருந்த ரோபோவின் தொடர்பு அறுந்துபோற மாதிரி ஒரு ஓட்டை அந்த அமைப்பில் இருந்தது. அதை ஒருத்தர் செல்போன் மூலமா வேணும்னே பயன்படுத்தினார்னு விசாரணை கண்டுபிடிச்சது.

'அப்பாடா, கேஸ் முடிஞ்சது'ன்னு கிளம்பிடாதீங்க. ரெண்டாவது ஷாக்தான் முக்கியம். எல்லா ரோபோவும் அந்த ஆளால நிக்கலை! மின் இணைப்பு, வயர், மென்பொருள்னு சில ரோபோக்களுக்குள்ளேயே சொந்தக் கோளாறுகள் இருந்ததையும் அதே அறிக்கை சொன்னது. வெளியிலிருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி 'சிக்னல் போச்சு'. உள்ளே பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம். வில்லன் கிடைச்சவுடனே ஃபைலை மூடியிருந்தா, லூஸ் வயர்கள் அடுத்த வருஷமும் லூஸாவே இருந்திருக்கும். எல்லாத்துக்கும் லூஸ் வயர்தான்னு முடிச்சிருந்தா, வில்லன் அடுத்த வருஷமும் செல்லோட வந்திருப்பார்.

ஆக, 'சிக்னல் போச்சு'ங்கிறது காய்ச்சல் மாதிரி. அது நோயோட பேர் இல்லை, அறிகுறி!

ஸ்டாண்டில் ஓடும், தரையில் படுக்கும்

இப்போ நம்ம ரோபோவுக்கு வருவோம். டேபிள் மேல சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஓடுது. தரையில் இறக்கி இன்னொரு ரோபோவை முட்டினா படுத்துக்குது. இது நடந்தா, ஆன்டெனாவைப் பார்க்காதீங்க. பேட்டரியைப் பாருங்க.

ஏன்னா, மோட்டார் ஒரு பகாசுரன். அமெரிக்கப் போட்டிகளில் பல வருஷம் ஓடிய 'சிம்' மோட்டாரையே எடுத்துக்குவோம். சுமையில்லாம சுத்தும்போது அது இழுக்கிறது 3 ஆம்பியருக்கும் கம்மி. சுத்த முடியாம முட்டிக்கிட்டு நிக்கும்போது 130 ஆம்பியரைத் தாண்டும்! நம்ம சின்ன கியர் மோட்டாரில் எண்கள் சின்னதா இருக்கும். கதை அதேதான்.

ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஓம் விதியை இங்கே தூசி தட்டுங்க. பேட்டரியும் வயரும் கனெக்டரும் சேர்ந்து வெறும் 0.03 ஓம்னு வெச்சுக்குவோம். 200 ஆம்பியர் இழுத்தா 6 வோல்ட் வழியிலேயே காலி. 12.5 வோல்ட் பேட்டரியிலிருந்து போய்ச் சேர்றது 6.5 வோல்ட்தான். இன்னும் கொஞ்சம் சரிஞ்சா போதும்; அங்கே பயன்பட்ட 'ரோபோரியோ' கன்ட்ரோலரின் முதல் மாடல் 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனாலே, மூளையைக் காப்பாத்துறதுக்காக மோட்டார்களுக்குப் போற உத்தரவை நிறுத்திடும். ரிமோட் பிடிச்சவனுக்குத் தெரியறது என்ன? 'மச்சி, சிக்னல் கட்டு!'

நம்ம காலேஜ் ரோபோக்களில் இதோட லோக்கல் வெர்ஷன் ஒண்ணு இருக்கு. எல்298என் மோட்டார் டிரைவர் போர்டில் ஒரு 5 வோல்ட் பின் இருக்குமே... அதிலேர்ந்தே வை-ஃபை போர்டுக்கும் கரன்ட் எடுத்துடுவாங்க. மோட்டார் திடீர்னு திசை மாறும்போது பேட்டரியில் வோல்டேஜ் குப்புற விழும். அதே கணத்தில் வை-ஃபை போர்டு சிக்னல் அனுப்ப கூடுதல் கரன்ட் கேட்கும். போர்டு மயக்கம் போட்டு, எழுந்து, மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கும்.

இதில் ஒரு பெரிய காமெடி, கண்டுபிடிக்கலாம்னு லேப்டாப்பை யூ.எஸ்.பி-யில் சொருகினா, லேப்டாப்பே போர்டுக்குக் கரன்ட் கொடுத்துடும். கோளாறு மாயமா மறைஞ்சிடும்! டாக்டரைப் பார்த்ததும் வயித்துவலி போற குழந்தை மாதிரி.

அதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. புரோகிராம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு எல்.இ.டி-யை மூணு தடவை மின்ன விடுங்க. ஓட்டத்தின் நடுவில் அந்த மூணு மின்னல் தெரிஞ்சதா? போர்டு ரீசெட் ஆகுதுன்னு அர்த்தம். பாதிக் கேஸ் அங்கேயே முடிஞ்சது. மல்டிமீட்டரை நம்பாதீங்க. கண் இமைக்கிறதுக்குள்ள வர்ற பள்ளத்தை அது காட்டாது. இ.சி.இ. லேப்ல இருக்கிற ஆஸிலோஸ்கோப்பை, வோல்டேஜ் இறங்கும்போது பிடிக்கிற மாதிரி டிரிக்கர் வெச்சுப் பாருங்க. திருடன் கையும் களவுமா மாட்டுவான்.

மருந்தும் சிம்பிள். மூளைக்கும் ரேடியோவுக்கும் தனி ரெகுலேட்டர். முடிஞ்சா தனி பேட்டரி, ஆனா கிரவுண்டு வயர் மட்டும் கட்டாயம் பொதுவா இருக்கணும்.

எவ்வளவு நேரம் செத்துக் கிடந்துச்சு?

துப்பறியும் கதையில், 'சாவு எத்தனை மணிக்கு?'ன்னு முதல்ல கேட்பாங்க இல்லையா? இங்கே, 'எவ்வளவு நேரம்?'னு கேளுங்க.

ரெண்டு செகண்ட்ல தானா உயிர் வந்துடுச்சா? ஒண்ணு, வோல்டேஜ் ஒரு கணம் சரிஞ்சு நிமிர்ந்திருக்கு. இல்லை, காத்துல சில பாக்கெட்டுகள் தொலைஞ்சிருக்கு.

அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கழிச்சு எழுந்துச்சா? அப்போ வை-ஃபை ரேடியோ கரன்ட் இல்லாம அணைஞ்சு, முழுசா பூட் ஆகி, மறுபடி இணைஞ்சிருக்கு. நம்ம வீட்டு ரௌட்டரை அணைச்சுப் போட்டா எவ்வளவு நேரம் ஆகுதோ, அதே கதைதான். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. விளைவு ஒரு நிமிஷம் நீடிச்சதால காரணமும் அவ்வளவு பெருசா இருக்கும்னு தேடுறாங்க. நிஜத்தில் பவர் பிளக் ஒரு கணம் ஆடியிருக்கும், அவ்வளவுதான்!

எழவே இல்லையா? மெயின் ஸ்விட்ச், பேட்டரி கனெக்டர், கழண்ட கேபிள், இல்லைன்னா புரோகிராம் எங்கேயாவது முடிவில்லாம சுத்திக்கிட்டு நிக்குது.

அமெரிக்கப் போட்டிகளில் டிரைவர் கையிலிருக்கிற லேப்டாப், ரோபோவுக்கு செகண்டுக்கு 50 தடவை தகவல் அனுப்பும். எத்தனை பாக்கெட் தொலைஞ்சது, பேட்டரி எவ்வளவு, பிராசஸர் எவ்வளவு திணறிச்சுங்கிற எல்லாத்தையும் நேரத்தோட பதிவு பண்ணும். மேட்ச் முடிஞ்சதும் சண்டை போடுறதுக்கு முன்னாடி அந்தப் பதிவைத் திறந்து பார்க்கிறது அங்கே நல்ல டீம்களோட பழக்கம். வோல்டேஜ் கோடு முதல்ல விழுந்து அப்புறம் தொடர்பு போச்சா, வோல்டேஜ் கம்பீரமா நிக்கும்போதே தொடர்பு போச்சா... ரெண்டும் ரெண்டு கேஸ். நம்மகிட்ட அந்த வசதி இல்லைன்னா ஒரு எஸ்.டி. கார்டு மாட்யூல் வாங்கி மாட்டுங்க. அதுவும் இல்லையா? பக்கத்துல ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். போர்டில் இருக்கிற எல்.இ.டி-க்கள் தெரியற மாதிரி! உதாரணத்துக்கு, பலரும் வாங்குற ஹெச்.சி-05 ப்ளூடூத் மாட்யூலில் இணைப்பு இல்லைன்னா லைட் படபடன்னு மின்னும். இணைஞ்சிருந்தா நிதானமா ரெட்டை மின்னல் அடிக்கும். அந்த லைட் பொய் சொல்லாது.

ஆட்டு... இழு... தட்டு!

ரோபோ ஒரு இடத்துல நிக்கிற கம்ப்யூட்டர் இல்லை. இடிக்கும், குலுங்கும், குதிக்கும். ஸோ, அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே டெஸ்ட் பண்ணணும். சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி வெச்சு, கை எட்டாத தூரத்தில் சுத்தவிட்டுட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ரேடியோ பக்கம் லேசா தட்டுங்க. ஒவ்வொரு சிக்னல் கனெக்டரையும் மெதுவா ஆட்டுங்க. பேட்டரி வயர்களைப் பவரை அணைச்சுட்டு இழுத்துப் பாருங்க. ஒழுங்கா கிரிம்ப் பண்ணின வயர் கையால இழுத்தா வராது. வந்துச்சுன்னா, களத்துல வராம இப்பவே வந்ததேன்னு அதுக்கு ஒரு தேங்காய் உடைங்க!

ரேடியோவோட ரவுண்டு பவர் பிளக், கிளிப் உடைஞ்ச நெட்வொர்க் கேபிள், பிரெட்போர்டில் தொங்குற ஜம்பர் வயர்... இந்த மூணும் பழைய கேடிகள். பிளக்கை டேக் போட்டுக் கட்டுங்க. கிளிப் உடைஞ்ச கேபிளைத் தூக்கிப் போடுங்க. பிரெட்போர்டு லேபோட நிக்கட்டும், களத்துக்கு சால்டர் பண்ணின போர்டுதான் போகணும். 2025 சீசனில் அமெரிக்காவில் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் புது ரேடியோவே வந்துடுச்சு. ஆனா ரேடியோ எவ்வளவு புதுசானாலும், கழண்ட வயர் கழண்ட வயர்தான்!

நிஜமாவே சிக்னல்தான்னா?

இருக்கலாம். கூட்டம் நிறைஞ்ச ஹாலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி. வை-ஃபை, ப்ளூடூத், ரிமோட் எல்லாம் அதிலேயே இடிச்சுக்கிட்டு நிக்கும். வை-ஃபைன்னா 1, 6, 11 இந்த மூணு சேனல்தான் ஒண்ணையொண்ணு உரசாது. எது காலியா இருக்குன்னு போட்டி ஹாலில், கூட்டம் வந்த பிறகு பாருங்க. காலி ஹாலில் பார்த்து பிரயோஜனமில்லை. மனுஷ உடம்பே இந்த அலைகளை உறிஞ்சும். ரோபோவைச் சுத்தி நாலு பேர் குனிஞ்சு நின்னா அதுவும் ஒரு தடுப்புச் சுவர்தான்.

அலுமினியப் பெட்டிக்குள்ள ரேடியோவை வெச்சுப் பூட்டினா, பூட்டினது ரேடியோவை மட்டுமில்லை, சிக்னலையும்! அதை மோட்டாரிலிருந்து தள்ளி, உலோகம் மறைக்காத உயரமான இடத்துல வைங்க.

சந்தேகத்தை உறுதி பண்ண ஒரே வழி, ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துறது. பேட்டரியையும் மாத்தி, கோடையும் மாத்தி, ஆன்டெனாவையும் மாத்தினா ரோபோ ஓடலாம். எதனால ஓடுதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்த மேட்ச்சில் அவர் வந்து சொல்ல மாட்டார்.

நின்னா பரவாயில்லை... நிக்கலைன்னா?

இதுவரைக்கும் தொடர்பு போனா ரோபோ நிக்கும்னே பேசிட்டோம். அமெரிக்கப் போட்டியில் அப்படித்தான். கட்டளை வர்றது நின்னா மோட்டாரும் நிக்கணும்ங்கிறது அந்த அமைப்பிலேயே எழுதப்பட்ட சட்டம். ஆனா நம்ம கோடு?

'எஃப்' எழுத்து வந்தா முன்னாடி போ, 'எஸ்' வந்தா நில். இப்படித்தானே பல பேர் எழுதுறோம்? 'எஃப்' வந்த பிறகு தொடர்பு அறுந்தா 'எஸ்' எப்பவுமே வராது. ரோபோ முழு வேகத்தில் போய்க்கிட்டே இருக்கும், எதிரில் யார் கால் இருக்குன்னு பார்க்காம. ரெண்டு கிலோ வண்டின்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். சுத்துற பிளேடு வெச்ச பெரிய ரோபோன்னா?

கடைசிக் கட்டளை வந்து 200 மில்லி செகண்ட் தாண்டினா எல்லா மோட்டாரையும் நிறுத்துன்னு ஒரு நாலு வரி சேருங்க. பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கும்வரை கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்புற மாதிரி செல்போன் ஆப்பையும் மாத்துங்க. அப்புறம் ரோபோ ஓடும்போதே ரிமோட்டை அணைச்சுப் பாருங்க. நிக்கலைன்னா, அந்த ரோபோ களத்துக்குப் போகக் கூடாது. கோப்பை போனா அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். விரல் போனா?

களத்துக்கு முன் கடகட செக்!

* முழுசா சார்ஜ் ஆன பேட்டரி. எது எப்போ சார்ஜ் ஆச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க.
* பவர் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு வயரையும் ஒரு இழுப்பு.
* ரேடியோ பிளக், நெட்வொர்க் கேபிள்... ரெண்டும் கட்டப்பட்டிருக்கா?
* சுவத்துல முட்டவெச்சு ரெண்டு செகண்ட் ஃபுல் பவர். போர்டு ரீசெட் ஆகுதா?
* ரிமோட்டை அணைச்சா மோட்டார் நிக்குதா?
* கோளாறு வந்தா ஒரு நோட்டில் நாலு வரி: எப்போ, எவ்வளவு நேரம், என்ன பண்ணிக்கிட்டிருந்தப்போ, எந்த லைட் எரிஞ்சது.

அந்த நோட்டு ரொம்ப முக்கியம் மக்களே! ஒரு தடவை வந்த கோளாறு மர்மம்தான். நாலு தடவை எழுதிவெச்சா அதுக்கு ஒரு முகம் தெரிய ஆரம்பிக்கும். 'வலது பக்கம் திரும்பி முட்டினா மட்டும்தான் நிக்குது'ன்னு தெரிஞ்சா, வலது பக்க வயரைத் திறந்து பார்த்துடலாம். எந்த ஜூனியரையும் கூண்டுல ஏத்த வேண்டியதில்லை.

ஐன்ஸ்டீன் களத்தில் அத்தனை பேர் பார்க்க நடந்த கோளாறுக்கே, காரணம் சொல்ல வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. நம்ம டீம்ல யார் மேலேயாவது கையை நீட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் கையால ஒரு வயரை இழுத்துப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகுமா என்ன?